பதில் போடத் தாமதமாகிவிட்டது, அப்பா

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

அப்பா எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. காரணம் சொன்னால் அம்மா நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. இப்போது ஷிஃப்ட் குறைவு, நல்ல ஓய்வு. ஹீட்டர் போட்டால் தொண்டை வறண்டுபோகிறது, அதனால் போடுவதில்லை, இரண்டு ஸ்வெட்டர் போதுகிறது.

மழையிலும் புல் வெட்டுவாரே பக்கத்து வீட்டுத் தாத்தா, அவர் ஒரு கட்டு ரூபார்ப் கொடுத்தார். சிவப்பான தண்டு, இலை விஷமாம். இந்த இங்கிலாந்துக்காரர்கள் சர்க்கரை போட்டு வேகவைக்கிறார்கள். கடித்தால் அவ்வளவு புளிப்பு, நான் புளிக்குப் பதிலாகப் போட்டுக் குழம்பே வைத்துவிட்டேன். சிரிக்காதே அம்மா, நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே காரில் கில்பெக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார், ஹெரிஃபோர்டுக்குப் பக்கம்தான். அங்கே ஒரு சர்ச், 1140 வாக்கில் கட்டியது. அப்பா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோபுரம் கிடையாது, உச்சியில் மணிக்கு ஒரு சின்ன மாடம், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று கட்டு, கடைசிக் கட்டு அரைவட்டம், எல்லாம் சிவப்பு மணற்கல். இறவாரத்துக்குக் கீழே சுற்றிலும் 85 கல் பொம்மைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் நாயும் முயலும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இன்னொன்றைப் பற்றி உங்களுக்கு எழுத முடியாது, தாத்தாவே அதைக் காட்டிவிட்டு மழை வருமா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தெற்கு வாசல் நிலைதான் வேலை என்றால் வேலை. மேலே கொடியாகப் படர்ந்த மரம், பக்கங்களில் பாம்புகள், கொடிகளுக்குள் சிக்கிக்கொண்ட மாதிரி போர்வீரர்கள். கிட்டத்தட்ட 880 வருஷமாக இந்த ஊர் மழையில் நிற்கிறது, மணற்கல் வேறு, ஆனாலும் உளி பட்ட விளிம்பு மழுங்கவில்லை. செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாதாம். ஒரு ஓரத்தில் விரலால் தட்டிப் பார்த்தேன், செங்கல் இறக்கும்போது இரண்டை மோதிக் காது கொடுத்துக் கேட்பீர்களே, அந்த ஞாபகத்தில். என்ன கேட்கிறாய் என்றார் தாத்தா. சொல்ல வரவில்லை, வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவே இல்லை.

சரி, தங்கச்சி விஷயம். ஆவணியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகைக்குப் பணம் ஒன்றாம் தேதி வராது, பதினைந்துக்குள் வந்துவிடும், பேங்க்கில் ஏதோ தாமதம். பெரியப்பாவிடம் கேட்க வேண்டாம். அம்மா, மாடிப் பூச்சு நான் வரும்வரை கிடக்கட்டும், அந்த முட்டியை வைத்துக்கொண்டு அப்பாவைச் சாரத்தில் ஏறவிடாதே.