பின்சக்கர ஹப் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் பெருகி வருகிறார்கள். அதற்கென்று புதிதாகச் சக்கரம் கட்ட வருகிறவர்கள் ரிம்மையும் டயரையும் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றி ஓடும் பின்சக்கர ஹப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மனிதன், மூட்டை, மிதிக்கிற பலம் எல்லாம் வந்து இறங்கும் இடம் அதுதான்.

போன வருடம் ஒருவர், 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்துபோன வழியில் சைக்கிளில் கிளம்பினார். நம் கடையில்தான் ஓவர்ஹாலிங் செய்துகொண்டு போனார். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. வேதாரண்யம் போனதும் உப்பளத்து வரப்புச் சேற்றில் வண்டியை விட்டிருக்கிறார். மறுநாள் காலை மிதித்தால் பெடல் சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

பிரித்துப் பார்த்தோம். மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மிதிக்காதபோது விட்டுவிடும் பகுதிதான் ப்ரீஹப். அதற்குள் பல் வளையத்தில் போய் மாட்டுகிற சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கும். நகக்கண் அளவுதான். அவற்றைத் தூக்கிவிடும் ஸ்பிரிங் முடிபோல மெலிது. உள்ளே போன உப்புச் சேறும் கிரீஸும் கலந்து களிம்பாகி, கொக்கிகளை எழும்ப விடாமல் ஒட்டிப் பிடித்திருந்தன. தவறு எங்களுடையது. பியரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸையே அங்கேயும் தடவியிருந்தோம். இப்போது அந்த இடத்துக்கு இளகிய கிரீஸ்தான் போடுகிறோம்; அவருக்கும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தோம்.

அதற்குப் பிறகு ஹப் வாங்க யார் வந்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: வழியில் நின்றுபோனால் இதை யார் திறப்பார், உள்ளே போடும் சாமான் எங்கே கிடைக்கும்?

ஷிமானோ கம்பெனியின் டியோர் ரக ஹப்பில் இருப்பது பழைய முறை, கப்பும் கோனும்: ஹப்பில் உள்ள கிண்ணம்போன்ற கப்புக்கும் அச்சில் திருகும் கோனுக்கும் நடுவே பால்ஸ் என்னும் இரும்புக் குண்டுகள் உருளும். சாதாரண அச்சு உள்ள பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்ஸ். திருவாரூரிலோ சீர்காழியிலோ எந்தச் சைக்கிள் கடைக்காரருக்கும் இது கைவந்த வேலை, பால்ஸுக்கும் பஞ்சமில்லை. கோன் தேய்ந்தால் மாற்றலாம். கப் குழிவிழுந்தால்தான் கஷ்டம், அது ஹப்போடு சேர்ந்தது. ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துக் கிரீஸ் மாற்றுகிறவருக்கு இது பல வருடம் உழைக்கும். தள்ளிப்போடுகிறவருக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

பால்ஸை உள்ளேயே வைத்து மூடிய சீல் பியரிங் ஹப்பில் பராமரிப்பு குறைவு; தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டு வேறு போட வேண்டியதுதான். வாங்கும்போதே பியரிங் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 6000, 6001 என்றால் பம்புசெட் மோட்டாருக்குப் பியரிங் விற்கிற கடையிலேயே கிடைக்கும். 6902 என்றால் நாங்களே திருச்சியிலிருந்துதான் வரவழைக்கிறோம். 6001-க்கும் 6902-க்கும் வெளி விட்டம் ஒன்றே, 28 மில்லிமீட்டர். முன்னதற்கு உள்துளை 12, பின்னதற்கு 15. துளை பெரிதான அளவுக்கு உள்ளே இடம் குறைகிறது, பால்ஸும் சிறுத்துவிடுகிறது. நீண்ட பயணம் போகிறவர் 6902-இல் இரண்டைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டிடி ஸ்விஸ் கம்பெனியின் 350 ஹப் வாங்கச் சொல்வோம். அதில் கொக்கியே இல்லை. முகத்தில் பல் வெட்டிய இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று முழுவட்டமாகப் பூட்டிக்கொள்கின்றன. ஓர மூடியைக் கையால் இழுத்தால் வந்துவிடும். பல்சக்கர அடுக்கான கேசட்டோடு ப்ரீஹப்பும் கழன்று வரும். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து துணியால் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தொட்டு வைத்துத் திரும்ப மாட்டிவிடலாம். 36 பல் வளையம் போதும், ப்ரீஹப் 10 டிகிரி சுற்றுவதற்குள் பிடித்துவிடும். கற்பாறையில் ஏறுகிறவர்களுக்குத்தான் 54 பல் தேவைப்படும். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நம் பாதை சமதளம்.

விலை மலிந்த கியர் சைக்கிள்களில் பல்சக்கரமும் கொக்கியும் ஒன்றாக அமைந்து, ஹப்பில் மரை போட்டுத் திருகும் ப்ரீவீல் வருகிறது. அதில் வலப்பக்கப் பியரிங் வெகு உள்ளே தள்ளி இருப்பதால் மூட்டை ஏற்றினால் அச்சு வளையும், ஒருநாள் ஒடியும். பயணத்துக்கு வேண்டாம்.

ஹப்பில் துளை 32 அல்லது 36 இருக்கட்டும். தலை வளைந்த ஸ்போக்ஸ் போடுகிற ஹப்பாகப் பாருங்கள். நேர்க்கம்பி பார்க்க அழகுதான்; அறுந்தால் நம் ஊர்களில் கிடைக்காது. கேசட் ஏறும் பகுதி இரும்பாக இருந்தால் எடை கொஞ்சம் கூடும், ஆனால் பல்சக்கரங்கள் அதைக் கடித்து வரிவிழ வைக்காது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் என்றால், கழற்றி அச்சை இரு விரலால் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். மணல் நெருடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் ஐப்பசி மழைக்கு முன் கொண்டுவந்துவிடுங்கள். எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள், எந்த வழியாகப் போகப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். உப்புக்காற்றுப் பக்கம் என்றால், சேறும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் சீல்களையும் சேர்த்து மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடை,
கும்பகோணம்