எங்கள் கரை இலாபம் தராத கரையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த தொலைத்தொடர்புக் கட்டுரையை ஊன்றிப் படித்தேன். அலைக்கற்றை விலை, கோபுரச் செலவு, போட்ட முதலை எடுக்கும் வழி என்று நன்றாகவே எழுதிவந்த கட்டுரையாளர், இராமநாதபுரம் போன்ற கடலோரங்களில் புதிய 5ஜி கைப்பேசிச் சேவை இலாபம் தராது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். நெடுநாளாகக் காசு கொடுத்துத் தங்கள் இதழை வாங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனத்தைப் புண்படுத்திவிட்டது.

இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் 1993 முதல் எஸ்.டி.டி. பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குத் தொலைபேசியில் பேசும் கடை, நடத்தியவன் நான். இன்று அதே கடையில் ரீசார்ஜ் செய்து கொடுக்கிறேன். அந்நாளில் இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் நான்கில் ஒரு பங்குதான் என்பதால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு பேசத் தாய்மார்கள் என் கடை வாசலில் தூக்கக் கலக்கத்தோடு காத்திருப்பார்கள். முந்தானையில் முடிந்த சில்லறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுப் பதில் வந்ததும் வைத்துவிடுவார்கள். ஒருவரும் பாக்கி வைத்ததில்லை. இவர்களிடம் பணம் வராது என்று எந்தக் கணக்கைப் பார்த்து எழுதினார்?

கைப்பேசி 1995இல் வந்தபோது வரும் அழைப்புக்கும் கட்டணம் வாங்கினார்கள்; வசதியுள்ளவர் மட்டுமே வைத்திருந்தார். 2003இல் வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் ஐஸ் வண்டிக்காரரும் கருவாடு விற்கும் அம்மாவும் வாங்கினார்கள். விலை இறங்கியபோது வாடிக்கையாளர் பெருகியதும், அந்தப் பெருக்கத்தில்தான் நிறுவனங்கள் வளர்ந்ததும் தாங்கள் அறியாததல்ல.

2022இல் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை ஏலம் போனது. அந்தச் சுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை கோபுரத்தை விட்டு அதிகத் தூரம் போகாது, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையோ மறைப்பில்லாத கடற்பரப்பில் நெடுந்தூரம் செல்லும் என்பதால், எங்கள் கரையில் எதை முதலில் தொடங்கினால் குறைந்த கோபுரத்தில் காரியம் முடியும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். வருவாய் குறைந்த ஊர்களுக்கென்றே 2002 முதல் நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு ஒரு நிதிக்குப் போகிறதே, அதைப் பற்றியும் அவர் ஒரு சொல் எழுதவில்லை.

எங்கள் வருமானம் மாதச் சம்பளம் அன்று. விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் 28 நாள் திட்டத்தை நீட்டி, ஆண்டுக்கு 13 முறை பணம் கட்டச் சொல்கிறார்கள். தடைக்காலத்தில் என் கடைக்கு வந்து, "ஒரு வாரத்துக்கு எதுவும் இருக்காண்ணே?" என்று கேட்டு, கையிலிருக்கும் பணத்தோடு திரும்பிப் போகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். தர வந்த பணத்தை வாங்கத் தெரியாமல் விட்டுவிட்டு, அந்தப் பழியை எங்கள் ஊரின் மேல் போடுவது நியாயமா?

சென்ற ஐப்பசியில் காற்றும் மழையுமாக மின்சாரம் போன இரவில், எங்கள் தெருக் கோபுரத்தின் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. என் தங்கை மகன் வல்லம் என்ற நாட்டுப்படகில் கடலுக்குப் போயிருந்தான். விடியும்வரை அவள் கைப்பேசியை மடியில் வைத்தபடி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கரை ஏறி வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. அந்தக் கோபுரத்தை நடத்தும் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன், ஒரு பதிலும் இல்லை.

ஐயா, நான் கேட்பது அதிகமில்லை. தங்கள் நிருபரை ஒரு நாள் அதிகாலையில் எங்கள் மீன் இறங்குதளத்துக்கு அனுப்பி, 7 நாள், 15 நாள் திட்டம் நியாயமான விலையில் கிடைத்தால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். என் கடையின் பழைய கணக்கு நோட்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தங்கச்சிமடம்.