மிஷனெரி ஜெபக் குழு: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளரின் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, தாய்மார்களே, வாலிபப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். மியான்மரின் யாங்கோன் நகரில் நம் தமிழ்ச் சபையின் கீழ் இயங்கிவரும் இந்த ஜெபக் குழுவின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தோறும் கூடுவது வழக்கம். இவ்வாண்டு பன்னிரண்டு கூடுகைகளில் பதினொன்று நடந்தன. ஆகஸ்டு மாதம் தெருவில் முழங்காலளவுக்கு மழைநீர் நின்றதால் கூட இயலவில்லை. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாததாலும், தன்லின் பக்கமிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டியிருப்பதாலும், மாலை ஐந்து மணிக் கூடுகை பிற்பகல் இரண்டரை மணிக்கு மாற்றப்பட்டது. வெயில் நேரம் என்ற முறையீடு இன்றும் இருக்கிறது. ஆனால் வருகை குறையவில்லை.

ஜனவரிக் கூடுகையில் எடுத்த ஒரு முடிவே ஆண்டு முழுவதையும் நடத்தியது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "உலகமெங்கும் உள்ள உமது ஊழியர்களை ஆசீர்வதியும்" என்ற ஒரே வாக்கியத்தில் உலகம் முழுவதையும் அடக்கிவிட்டு, பிறகு நம் வீட்டு விண்ணப்பங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்குகிறோம் என்று நம் மூத்த தாயார் ஒருவர் எழுந்து சொன்னார். மாதம் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தைப் பற்றி முதலில் வாசித்துத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே முழங்காற்படியிட வேண்டும் என்பது அவருடைய யோசனை. இது ஜெபக் கூட்டமா, சரித்திர வகுப்பா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரியில் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டோம். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு அங்கே வந்திறங்கியதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததையும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றுக் கிராமம் கிராமமாய்ச் சென்று உழைத்ததை நம்மில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், தமிழ்க் கிறிஸ்தவர்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்குத் தமிழ் ஊழியர்களை அனுப்பியதையும், அச்சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அசரியா 1912இல் பேராயரானதையும் வாசித்தோம். அங்கே சென்றவர்கள் முதலில் தெலுங்கு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று வாசித்தபோது, எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று வாலிபர் ஒருவர் கேட்டார். மொழி கற்கும் ஊழியர்களுக்காக நாம் அதுவரை ஒரு முறையாவது ஜெபித்தது எனக்கு நினைவில்லை. அன்று முதல் அது நம் ஜெபக் குறிப்பில் நிரந்தர இடம் பெற்றிருக்கிறது.

மார்ச் 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள் ஆராதனையை நம் பெண்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள். இவ்வாண்டு ஆராதனை முறையை எழுதியவர்கள் பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகளின் கிறிஸ்தவப் பெண்கள். 139ஆம் சங்கீதம் அதற்கு ஆதாரம். பதினைந்து தீவுகள் கொண்ட அந்நாட்டிற்கு 1821இல் சுவிசேஷத்தைக் கொண்டுசென்றவர்களில் ஒருவர் பப்பேயிஹா என்னும் பாலினேசியர். கப்பலில் வந்த ஆங்கிலேய மிஷனெரி திரும்பிப் போன பிறகும், தங்கியிருந்து ஜனங்களோடு வாழ்ந்தவர் அவரே. குக் தீவுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டுவதற்கு உலகப்படம் தேடி, கடைசியில் ஒரு சிறுவனின் பள்ளிப் புத்தகத்திலிருந்த படத்தைப் பெரிதாக வரைந்து ஒட்டினோம். படம் இன்னும் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

ஏப்ரல் 12ஆம் தேதிக் கூடுகையை, பர்மா என்றழைக்கப்பட்ட இந்நாட்டுக்கு வந்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனுக்கென்று திட்டமிட்டிருந்தோம். 1850ஆம் ஆண்டு அதே தேதியில் அவர் கப்பலில் மரித்துக் கடலிலேயே அடக்கம்பண்ணப்பட்டார். ஆகவே அன்று 175 ஆண்டுகள் நிறைவு. ஆனால் மார்ச் 28ஆம் தேதி நண்பகல் தாண்டி வந்த நிலநடுக்கம் எல்லாத் திட்டங்களையும் மாற்றியது. 7.7 அளவு என்று பதிவான அந்த அதிர்ச்சியில் மாண்டலேயும் சகாயிங்கும் சிதைந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; ஐராவதி ஆற்றின் மேலிருந்த பழைய ஆவா பாலம் இடிந்து விழுந்தது. மாண்டலேயில் நம்மவர்களுக்கு உறவினர் உண்டு. ஏப்ரல் கூடுகையில் வாசிப்பு எதுவும் இல்லை. பாய், தார்ப்பாய், குடிநீர், மருந்து ஆகியவற்றுக்காகக் காணிக்கை எடுத்து, அங்குள்ள சபைகள் வழியாக அனுப்பினோம். மிஷனெரி நிதியிலிருந்து இதற்குப் பணம் எடுப்பது முறையா என்று பொருளாளர் கேட்டது நியாயமான கேள்வி. குழு அதற்குத் தனிக் காணிக்கை எடுத்தது, நிதியைத் தொடவில்லை.

ஜட்சனை ஜூலை 12ஆம் தேதி நினைவுகூர்ந்தோம். அவரும் அவர் மனைவி ஆனும் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், வந்திறங்கியது 1813ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி என்பதால் அந்த நாளும் பொருத்தமாகவே அமைந்தது. முதல் பர்மியர் மவுங் நோ ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் மாதத்தில். அதாவது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஒருவர்கூடச் சேரவில்லை. அன்றைய தலைநகரான ஆவாவில் ஜட்சன் சிறையிலிருந்தபோது அவருடைய பர்மிய வேதாகம மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி தலையணைக்குள் வைத்துத் தைக்கப்பட்டுக் காப்பாற்றப்பட்டது. அதே ஆவாவின் இடிபாடுகளைக் கைப்பேசியில் பார்த்துச் சில மாதங்களே ஆகியிருந்ததால், அந்தப் பகுதியை வாசித்தபோது கூடம் மிகவும் அமைதியாக இருந்தது. 1834இல் மொழிபெயர்த்து முடித்து, 1840இல் திருத்தி அச்சிட்ட வேதாகமத்தைத்தான் நம் பிள்ளைகள் இன்றும் பர்மிய ஆராதனைகளில் வாசிக்கிறார்கள்.

அதைத் தொடர்ந்து செப்டம்பரில் கோ தா பியூவைப் பற்றி வாசித்தோம். கொள்ளைக்காரராக வாழ்ந்து, கடனுக்கு அடிமையாகி, பிறகு மீட்கப்பட்டு, 1828இல் தவாயில் ஞானஸ்நானம் பெற்ற இந்தக் கரென் இன மனிதர் தம் ஜனத்தாரிடையே செய்த ஊழியத்தின் பலனாக எழுந்த சபைகள், அரை நூற்றாண்டுக்குள் கச்சின் மலைகளுக்குத் தங்கள் சொந்த ஊழியர்களை அனுப்பின. 1966இல் வெளிநாட்டு மிஷனெரிகள் எல்லாரும் இந்நாட்டை விட்டுப் போக நேர்ந்தபோது சபை அழிந்துபோகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த வாசிப்புகளின் விளைவு நம் நிதியிலும் தெரிந்தது. இதுவரை நம் உதவி முழுவதும் தமிழ்நாட்டு ஊழியர்களைத் தாங்கவே சென்றது. இந்நாட்டுப் பணமான கியாட்டின் மதிப்பு சரிந்தபடியாலும், பணம் அனுப்பும் வழிகள் கடினமானபடியாலும், வாக்குக் கொடுத்த தொகையை உரிய காலத்தில் கொடுக்க முடியாமல் போனது. இரண்டு காலாண்டுகள் தாமதித்து அனுப்பினோம் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். செப்டம்பரில் நடந்த நீண்ட விவாதத்தில், வேர் இருக்கும் இடத்தை மறக்கலாகாது என்று பெரியவர்களும், நம் கைக்கெட்டும் தூரத்தில் சின் மலையிலும் நாகா மலையிலும் உழைக்கிறவர்களை ஏன் விட்டோம் என்று வாலிபர்களும் பேசினார்கள். இரு தரப்பும் கண்ணியமாகவே பேசியது. முடிவில், நிதியில் ஒரு பங்கு இந்நாட்டு மலைப்பகுதி ஊழியத்துக்கு என்று தீர்மானம் ஆயிற்று. என் சொந்தக் கருத்து கேட்கப்பட்டால், இந்த முடிவு பத்து ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

கைப்பிடி அரிசிக் காணிக்கையும் இவ்வாண்டு தொடங்கியது. நம் மேற்கு எல்லைக்கு அப்பாலுள்ள மிசோரம் சபைகளில் 1910 முதல், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. நம் பாட்டிமாருக்கும் இது புதிதல்ல. நடுவில் விட்டுப்போன பழக்கம். வீட்டுக்கு மாதம் அரைப் பியிக்கு (பியி என்பது இந்நாட்டு அரிசிப் படி) சற்றுக் கூடுதலாகச் சேர்ந்தது. அதை விற்பனைக்கு வைத்தபோது, இலவச அரிசி என்று எண்ணிக் குறைந்த விலை பேசாமல், சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கிச் சென்ற குடும்பங்களுக்கு நன்றி. ஜூன் மாதம் சேர்ந்த அரிசியில் ஈரம் தட்டிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மழைக்காலத்தில் சாக்கைத் தரையில் வைத்தது என்னுடைய கவனக்குறைவே.

வேறு இரண்டு தவறுகளும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். ஊழியர் ஒருவரின் மனைவி நோயுற்றிருக்கிறார் என்ற கடிதத்தை வைத்து மூன்று மாதம் ஊக்கமாக ஜெபித்தோம். அவர் முதல் மாதத்திலேயே சுகமாகி வீடு திரும்பியிருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. கடிதம் எழுதி விசாரிக்க நமக்குத் தோன்றவில்லை. இரண்டாவது தவறு இதைவிடப் பாரமானது. வெளிப்படையாகப் பேச முடியாத இடமொன்றில் பணிசெய்கிறவரின் படத்தையும் ஊர்ப் பெயரையும் நம்மில் ஒருவர் நல்லெண்ணத்தோடு கைப்பேசியிலுள்ள நம் வைபர் குழுவில் பகிர்ந்துவிட்டார். உடனே நீக்கப்பட்டது, தீங்கொன்றும் நேரவில்லை. இனி அப்படிப்பட்ட கடிதங்கள் கூடத்தில் வாசிக்கப்படும், எவருக்கும் அனுப்பப்படமாட்டா.

ஜனவரியில் எழுந்து பேசிய அந்தத் தாயார் நவம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதங்களை உரக்க வாசிப்பவர் அவர்தான். தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அவர் வாய்வழியாகவே அக்கடிதங்களைக் கேட்டார்கள். டிசம்பரில் வாசிக்க ஆளின்றிச் சற்றுத் தடுமாறினோம். ஆகவே ஜனவரி முதல் ஜெபக் குறிப்பு ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் பர்மிய மொழியிலும் வரும். தமிழ் அழிந்துபோகும் என்ற அச்சம் கூட்டத்தில் சொல்லப்பட்டது. தமிழ் வாசிக்கும் வகுப்பைக் கூடுகைக்கு முன் அரைமணி நேரம் நடத்த இரண்டு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள்.

கணக்கைப் பொருளாளர் தனித்தாளில் தந்திருக்கிறார், தணிக்கை முடிந்துவிட்டது. 2026ஆம் ஆண்டு உலக ஜெப நாள் மார்ச் 6ஆம் தேதி வருகிறது; நைஜீரியப் பெண்கள் எழுதிய ஆராதனை முறை அது. தமிழில் தட்டெழுதவும், பர்மிய மொழியில் சரிபார்க்கவும் ஆட்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும், சுவரிலுள்ள உலகப்படத்தின் கீழ் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்