தருக்கவியலைத் தனித் தாளாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவு என்றால் தரவுகளைக் கொட்டிப் பழக்குவது மட்டுமே என்ற எண்ணம் நம் நெல்லை மாணவர்களிடம் வேரூன்றிவிட்டது. தருக்க விதிகளைக் கொண்டு இயந்திரத்தைப் படிப்படியாக முடிவுக்கு வர வைக்கும் மரபு 1950களிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவின் ரென்சலியர் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் செல்மர் பிரிங்ஸ்யோர்ட் அந்த வழியில் வந்தவர். மெய்யியலாளரும் கணினி அறிவியலாளரும் அவரே.

2015இல் அவருடைய குழு மூன்று சிறு ரோபோக்களிடம், 'உங்களில் இருவருக்குப் பேச்சை முடக்கும் மாத்திரையும் ஒருவருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. உனக்கு எது கிடைத்தது?' என்று கேட்டது. (மாத்திரை என்பது ஒரு பொத்தான்தான்.) ஒன்று மட்டும் எழுந்து, தெரியவில்லை என்றது. உடனே தன் குரலைத் தானே கேட்டு, தனக்கு அந்த மாத்திரை தரப்படவில்லை என்று திருத்திச் சொன்னது. இதைத் தன்னுணர்வு என்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் அந்த விடை நிரூபணத்தோடு வருகிறது. ஒவ்வொரு படியையும் நாம் சரிபார்க்கலாம். கடன் விண்ணப்பத்திலும் மருத்துவத்திலும் இயந்திரம் முடிவு சொல்லும் காலத்தில், ஏன் என்று கேட்டால் காரணம் கிடைக்க வேண்டாமா?

மெய்யியல் பேராசிரியர் சுந்தரனாரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கணினி மாணவர்களுக்குத் தருக்கவியலைக் கணிதத்தின் ஓர் அலகாக ஒதுக்காமல், மெய்யியல் கற்றவரைக் கொண்டு தனித் தாளாக நடத்த வேண்டும். தருக்க விதிகளாகவே நிரல் எழுத உதவும், 1972இல் பிரான்சில் பிறந்த புரோலாக் என்ற கணினி மொழி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சிக்குப் பழைய கணினியே போதும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாளையங்கோட்டை.