சித்ரா அம்மா பாடினார், பின்வரிசைக்கு ட்ரம்ஸ்தான் கேட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன்னால் மதுரையில் நடந்த பாடகி கே.எஸ். சித்ரா அவர்களின் இன்னிசைக் கச்சேரிக்கு உசிலம்பட்டியிலிருந்து நானும் என் அக்காவும் போயிருந்தோம். அவரை நேரில் கேட்பது எங்கள் இரண்டு பேருக்குமே இதுதான் முதல் தடவை. சந்தோஷமும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை ரேடியோவைப் போடுவதுதான். கொடைக்கானல் மலை மேலிருந்து வருவதால் கோடைப் பண்பலை எங்கள் பக்கம் தெளிவாக எடுக்கும், அதில் சித்ரா அம்மா பாடாத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. ஆறு தேசிய விருதுகள், 2021இல் பத்ம பூஷண் என்று அவருக்குக் கிடைத்த பெருமையெல்லாம் ஊருக்கே தெரியும். அதில் 1996ஆம் ஆண்டுக்கான தேசிய விருது ‘மின்சார கனவு’ படத்தில் மானாமதுரை என்று தொடங்கும் பாட்டுக்குக் கிடைத்தது, மானாமதுரை நமக்குப் பக்கத்து ஊர் என்பதால் அக்காவுக்கு அதில் தனிப் பெருமை.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். எங்களால் எடுக்க முடிந்தது கடைசி வகுப்பு டிக்கெட். மைதானத்தின் பின்கோடியில் நாற்காலி. ஆறு மணி என்று போட்டிருந்தார்கள், தொடங்கும்போது ஏழே முக்கால் ஆகிவிட்டது. முதல் பாட்டு ஆரம்பித்ததும் நெஞ்சில் இடிப்பது மாதிரி ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் வந்தன, குரல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பெரிய திரையில் அவர் வாய் அசைகிறது, பாட்டு கொஞ்சம் கழித்து வருகிறது. பக்கத்தில் இருந்தவர்கள், ‘இது ரெக்கார்டு போட்டு வாயசைக்கிறாங்களோ’ என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் அது அநியாயமான சந்தேகம், அப்புறம்தான் எவ்வளவு அநியாயம் என்று தெரிந்தது.

ஒன்பது மணிக்கு மேல் முன்பக்கம் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. ஆரப்பாளையத்திலும் மாட்டுத்தாவணியிலும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மனசில்லாமல் எழுந்து போனார்கள். அங்கே நின்ற ஒரு தம்பி அக்காவுக்கு முட்டி வலி என்றதும் எங்களை நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கிருந்து கேட்டது வேறு கச்சேரி! வாத்தியமே இல்லாமல் வெறும் ஹம்மிங்கில் ஒரு பாட்டைத் தொடங்கினார், அந்த மூச்சு எங்கே எடுக்கிறார், எங்கே விடுகிறார் என்பதே தெரியாமல் அது பல்லவிக்குள் போய்ச் சேர்ந்தது. ரேடியோவில் கேட்டு எனக்கு மனப்பாடமான பாட்டுத்தான், ஆனால் இரண்டாவது தடவை அதே வரி வரும்போது ராகத்தைக் கொஞ்சம் மாற்றி வளைத்துப் புதிதாக ஒரு சங்கதி போட்டார், அதற்குத் தபேலாக்காரர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார், அதை எந்த கேசட்டிலும் நான் கேட்டதில்லை. ஸ்டுடியோவில் வரி வரியாகப் பாடி ஒட்டலாம், டூயட்டில் இரண்டு பேரும் வேறு வேறு நாளில் பாடிவிட்டுப் போகலாம் என்கிறார்கள். மேடையில் பல்லவியில் தொடங்கி கடைசி சரணம் வரை ஒரே ஓட்டம்தான், தப்பினால் திருத்த முடியாது. 1963இல் பிறந்தவர், அறுபதைத் தாண்டியும் அப்படிப் பாடுகிறார். இதைப் பின்வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்காமலே வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஏன் இப்படி என்று எங்கள் ஊர் மைக்செட் அண்ணனிடம் கேட்டேன். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகுமாம். மேடை ஓரத்து ஸ்பீக்கரை மட்டும் நம்பினால் 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாட்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி பிந்தித்தான் சேரும், திரையில் படம் உடனே வந்துவிடும். அதுதான் வாய் ஒட்டாததற்குக் காரணம். மைதானத்தின் பாதியில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை வைத்து, அதற்குப் போகும் சத்தத்தைக் கணக்காகத் தாமதப்படுத்திவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்கும் குரல் தெளிவாக வந்துவிடுமாம். இன்னொன்றும் சொன்னார்: குரலையும் வாத்தியங்களையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் போர்டு கூட்டத்துக்கு நடுவில் இருக்க வேண்டும், அங்கே இருந்தால்தான் சனங்களுக்குக் கேட்பது அதை இயக்குகிறவருக்கும் கேட்கும். நாங்கள் போன கச்சேரியில் அது மேடைக்குப் பக்கவாட்டில், பந்தலுக்குள்ளே இருந்தது. பேஸ் சத்தம் பின்னால் எப்படி இடிக்கிறது என்று அங்கே உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருப்பது, நல்ல விதிதான், ஆஸ்பத்திரியும் குழந்தைகளும் இருக்கிற ஊர். பத்து மணிக்கு நிறுத்தியே ஆக வேண்டும் என்று தெரிந்தும் ஏழே முக்காலுக்குத் தொடங்கினால் குறைவது பாட்டுத்தானே? வரவேற்புரை, பொன்னாடை, விளம்பரம் எதுவும் குறையவில்லை. அவரைக் கேட்கத்தான் நாங்கள் காசு கொடுத்தோம்.

இதே மதுரையில்தான் 1916இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார், 1922இல் டி.எம். சௌந்தரராஜன் பிறந்தார், கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை சோமு இருந்தார். முனிச்சாலையில் டி.எம்.எஸ்.ஸுக்குச் சிலை வைத்திருக்கிறோம். குரலுக்கு இவ்வளவு மரியாதை செய்கிற ஊரில் ஒரு பாடகியின் குரல் கடைசி நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் எனக்குத் தாங்கவில்லை.

கச்சேரி நடத்துபவர்கள் உங்கள் நாளிதழில்தான் விளம்பரம் போடுகிறார்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அச்சிடச் சொல்லுங்கள், வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்துகொள்வோம். ஒத்திகையின்போது மைக்செட்காரர் கடைசி வரிசை வரை ஒருமுறை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வரட்டும். பாட்டு நடக்கும்போது செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் தம்பி தங்கைகளும் பின்னால் இருப்பவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். சித்ரா அம்மா மறுபடி மதுரைக்கு வந்தால் நாங்கள் கட்டாயம் போவோம், அன்றைக்கும் எங்களால் எடுக்க முடிவது பின்வரிசை டிக்கெட்டாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி