நேர்காணலோடு நின்றுவிடும் கேள்வி

உண்ணுதல் கோளாறுகளுக்கான சிகிச்சை மையங்களை நடத்துவோருக்கும், அங்குள்ள ஆலோசகர்களின் பணியை மேற்பார்வையிடுவோருக்கும்,

வணக்கம். நான் 11 ஆண்டுகளாக இத்துறையில் ஆலோசகராக இருக்கிறேன். அதற்கு முன், எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்ஸியா என்ற நோயில் விழுந்து, நெடுநாள் சிகிச்சைக்குப் பின் மீண்டவள். பணியில் சேரும்போது, குணமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டார்கள். சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு எவரும் அதைப் பற்றிக் கேட்டதேயில்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இம்மடல்.

சிகிச்சைக்கு வருவோருடன் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவது எங்கள் பணியின் ஒரு பகுதி. தட்டில் இருப்பதை ஒரு பெண் நகக்கண் அளவுக்குப் பிய்த்து, ஓரமாக ஒதுக்கி, அடுத்த வாயைத் தள்ளிப்போடவே பேச்சை வளர்த்துக்கொண்டு போகும்போது, அவள் மனத்துக்குள் ஓடும் கணக்கு எனக்குக் கேட்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு மாதக்கணக்கில் உணவைக் குறைத்து நடத்திய ஆய்வில், அவர்களும் இதேபோல் உணவை அளைந்தார்கள், சாப்பாட்டு நேரத்தை இழுத்தடித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். பிடிவாதமாகத் தெரிவதில் பெரும்பகுதி பட்டினியின் வேலை என்பதைப் படித்தும் அறியலாம்; நான் பட்டு அறிந்தேன், அதனால் அந்தப் பெண்ணின் மேல் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

ஆனால் அதே அனுபவம் என்னைத் தவறான வழியிலும் இழுத்திருக்கிறது. கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்ணும் கோளாறுடன் வந்த ஒருவரிடம், என் நோயின் அச்சமே அவருக்கும் இருக்கும் என்று எண்ணி, எடையைப் பற்றியும் கட்டுப்பாட்டைப் பற்றியும் வாரக்கணக்கில் பேசினேன். அவரை உண்ண வைத்தது தனிமை என்பது, நான் பேச்சை நிறுத்திய பிறகே எனக்கு விளங்கியது. என் கதையை அவர்மேல் போர்த்திவிட்டேன் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

“உங்களுக்கும் இது இருந்ததா?” என்று கேட்பவர்களிடம் நான் மறைப்பதில்லை. “அப்போது எவ்வளவு எடை இருந்தீர்கள்?” என்ற அடுத்த கேள்விக்கு மட்டும் ஒருபோதும் விடை சொல்வதில்லை, நான் உச்சரிக்கும் எண் அன்றிரவே அவர்களுடைய இலக்காகிவிடும். எதைச் சொல்வது, யாருக்காகச் சொல்வது என்பதை நானாகவே தடுமாறிக் கற்றேன். பயிற்சியில் இதற்கென ஒரு மணி நேரமேனும் ஒதுக்கியிருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தை இறந்தார். அந்த மாதங்களில் மதிய உணவைத் தவிர்க்கத் தொடங்கினேன். அதே நாட்களில், வாரந்தோறும் எடை பார்க்க வேண்டிய ஒருவருக்கு “இந்த வாரம் வேண்டாம், பரவாயில்லை” என்று இரண்டு முறை சலுகை கொடுத்தேன். அது கருணையென்று அப்போது நம்பினேன். உண்மையில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை அது. திறக்காத என் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டு கேட்டவர் உடன் பணிபுரியும் தோழி. மேற்பார்வையாளரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். இடையில் அந்த இரண்டு வாரங்களை இழந்தவர் சிகிச்சைக்கு வந்தவர்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து எங்களை ஏற்கவோ ஒதுக்கவோ வேண்டாம். உடல் தேறுவது கண்ணுக்குத் தெரியும். பழக்கம் மாறுவதும் தெரியும். உணவையும் உடலையும் பற்றிய எண்ணம் மாறுவது பெரும்பாலும் கடைசியில்தான் நடக்கிறது, அதை வெளியிலிருந்து எவரும் அளந்துவிட முடியாது. அதனால் நேர்காணலில் கேட்கும் கேள்வியை மேற்பார்வை அறைக்குக் கொண்டுவாருங்கள். இந்நோய் வந்தவர், வராதவர் என்று பிரிக்காமல் எல்லா ஆலோசகர்களிடமும் தவறாமல் கேளுங்கள். சறுக்கியதாகச் சொல்பவருக்கு விடுப்பும், சிறிது காலம் சாப்பாட்டு மேசைப் பணியிலிருந்து விலக்கும், திரும்பி வர வழியும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அவருக்கான சிகிச்சையை மேற்பார்வையாளரே ஏற்காமல் வெளியில் உள்ள ஒருவரிடம் விடுங்கள். எங்கள் மீட்சியை உங்கள் விளம்பரத் தாள்களில் அச்சிடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். படம் அச்சேறிய ஒருவரால் மறுபடியும் தடுமாறுகிறேன் என்று வாய் திறக்க முடியாது.

“இந்த வாரம் நீங்கள் சரியாகச் சாப்பிட்டீர்களா?” என்று அந்த மாதங்களில் என் மேற்பார்வையாளர் கேட்டிருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
உங்களோடு பணிபுரியும் ஓர் ஆலோசகர்