அப்பலோ துண்டுகளை வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க நாசா நிறுவனம் சந்திரனுக்கு அனுப்பிய அப்பலோ விண்கலங்களின் பாகங்கள் என்று சொல்லிச் சிறுசிறு துண்டுகள் முகநூலில் விலைபேசப்படுவதை மலையக வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அக்ரிலிக் கட்டிக்குள் பதித்த ஒரு பொன்னிறத் தாள்; கீழே "சந்திரனில் இறங்கிய கலத்தின் பகுதி" என்றொரு வரி. வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலையைக் கேட்கும் முன், அந்தப் பொருள் எதில் ஏறிப் பூமிக்குத் திரும்பியது என்று கேளுங்கள்.

110 மீற்றர் உயரமாகப் புறப்பட்ட சற்றேர்ன் 5 ரொக்கெட்டில், கடைசியில் கடலில் வந்து இறங்கியது வீரர்கள் அமர்ந்திருந்த, 3.9 மீற்றர் அகலமுள்ள கட்டளைக் கலம் மட்டுமே. முதற்கட்டம் அத்திலாந்திக்கில் விழுந்தது. (அதன் எஃப்-1 இயந்திரங்கள் சிலவற்றை 2013இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள், அவை நாசாவின் சொத்து.) அதோடு இணைந்திருந்த, இயந்திரமும் எரிபொருளும் கொண்ட சேவைக் கலம் வளிமண்டலத்தில் எரிந்தது. இறங்குகலத்தின் கீழ்ப்பாதி சந்திரனிலேயே நிற்கிறது. மேற்பாதி, வீரர்கள் கட்டளைக் கலத்துக்கு மாறியதும் கழற்றிவிடப்பட்டது. ஆகவே இறங்குகலத்தின் வெளிப்புறத் தாள் பறந்துவிட்டு வந்திருக்க வாய்ப்பில்லை என்றே கொள்ளுங்கள். சந்தைக்கு வருவது, கலத்தைக் கட்டிய கிரம்மன் நிறுவனத்தில் மிஞ்சியது. அதுவும் நல்ல பொருள்தான், அதற்குரிய விலையில்.

உண்மையில் போய்வந்த கப்டொன் தாள் (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலம்) கட்டளைக் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருந்தது. மீள்நுழைவு வெப்பத்தில் பெரும்பகுதி கருகி, மிச்சம் எளிதில் உரிந்து வந்தது. மீட்புப் பணியில் இருந்தவர்கள் கைக்கு வந்தவை இவ்வாறுதான். கசங்கலும் கருகலும் பசைத்தடமும் அதில் இயல்பு. பளபளவென்று மடிப்பே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெப்பக் கவசத் துண்டானால் தேனடை போன்ற கண்ணாடியிழை அறைகள் தெரிய வேண்டும், ஒரு பக்கம் கருகியிருக்க வேண்டும்.

அடுத்தது இலக்கம். கட்டளைக் கலப் பாகங்களில் வி36 (V36) என்றும், இறங்குகலப் பாகங்களில் எல்டிடபிள்யூ (LDW) என்றும், வீரர்கள் ஒவ்வொரு வேலையையும் வரிசையாகப் பார்த்துச் செய்த சரிபார்ப்புப் புத்தகங்களில் எஸ்கேபி (SKB) என்றும் பாக இலக்கம் தொடங்கும். ஒவ்வொரு பயணத்திலும் எந்தப் பொருள், எத்தனை, எந்த இடத்தில் ஏற்றப்பட்டது என்ற பட்டியலை நாசா தயாரித்திருக்கிறது, அதோடு ஒப்பிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பயிற்சிக்கு வைத்ததிலும் உபரியாகச் செய்ததிலும் அதே பாக இலக்கம் இருக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக இடும் தொடர் இலக்கம்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். எனவே பொருள் பறந்துவந்தது என்று உறுதிசொல்லும் விண்வெளி வீரரின் கடிதத்தில் பயணத்தின் பெயர், பாக இலக்கம், தொடர் இலக்கம் மூன்றும் வேண்டும். கையெழுத்து உண்மையானது என்று மூன்றாம் தரப்பு கொடுக்கும் சான்று கையெழுத்துக்கு மட்டுமே சான்று.

உரிமையும் பார்க்க வேண்டியது. அப்பலோ 13இன் சரிபார்ப்புப் புத்தகம் ஒன்று 2011இல் 388,375 டொலருக்கு ஏலம்போனபோது அது யாருடையது என்று நாசா கேட்டது. 2012 செப்டெம்பரில் வந்த அமெரிக்கச் சட்டம், வீரர்கள் தம்மிடம் வைத்திருந்த பொருட்கள் அவர்களுக்கே சொந்தம் என்றது. சந்திரக் கல்லும் மண்ணும் அதில் சேரா. அப்பலோ மண் என்று யார் நீட்டினாலும் தொடாதீர்கள். 2015இல் அமெரிக்க அரச ஏலத்தில் 995 டொலருக்கு விற்ற, சந்திர மண் மாதிரிகளைக் கொண்டுவந்த அப்பலோ 11 பை, நீதிமன்றம் வரை போய், 2017இல் 18 இலட்சம் டொலருக்குக் கைமாறியது உண்மை. அது அரசாங்கமே தவறுதலாக விற்ற பை என்பதை மறந்துவிடக்கூடாது.

இனி, வாங்கியதைப் பாதுகாப்பதில் நம் ஊர்ப் பிரச்சினை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் கமரா வில்லையிலேயே பூஞ்சணம் படர்கிறது, காகிதத்தை விடுமா? ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வசதி. காற்றுப் புகாத பெட்டி, உள்ளே ஒரு ஈரமானி, செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல்: 40 முதல் 50 வீதத்தில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் 110, 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கி, ஆறிய பின் திரும்ப வையுங்கள். அலுமாரியில் பல்ப் எரியவிடும் பழைய வழி ஈரத்தைக் குறைக்கும், ஆனால் அந்த வெளிச்சம் ஃபெல்ட் பேனாக் கையெழுத்தை வெளிறச் செய்யும். அலுமாரியை வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது. குளிர்ந்த சுவரில் நீர் கோக்கும்.

பி.வி.சி. உறை வேண்டாம், பொலியெஸ்டர் உறை போதும். வீரர்களின் உடையில் பயன்பட்ட பீற்றா துணியில் செய்த சின்னத்தை மடிக்கவோ கழுவவோ கூடாது. அது கண்ணாடியிழை, மடிப்பில் முறியும். வெள்ளிப் பதக்கத்தோடு இறப்பர் பட்டியை வைத்தால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

சான்றிதழ் என்றாலே லெமினேட் செய்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீரரின் கடிதத்துக்கு அதைச் செய்யாதீர்கள். சூடும் பசையும் ஏறிய காகிதத்தைப் பின்னர் பிரித்தெடுக்கவும் முடியாது, ஏல நிலையங்கள் முழு விலைக்கு எடுப்பதும் இல்லை.

இப்படிக்கு,
சேகரிப்பாளர் சிலர்,
ஹட்டன்.